நாத்தனார் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு

என் கை நடுங்குவதை நாத்தனார்தான் முதலில் கண்டுபிடித்தாள். கட்டிய கணவருக்குத் தெரியாது. அவருக்கு வீட்டுக் கதவுக்குப் புது பெயின்ட் அடித்தாலே ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

பதினோரு வருடமாக, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஏரிக்குப் போய்ப் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதி வருகிறேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. இரண்டு மாதமாக பைனாகுலரில் ஏரியே குதித்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இது போகாது என்றார் டாக்டர். குத்துமதிப்பாக எழுத மனசு வரவில்லை. நோட்டையும் பைனாகுலரையும் பீரோ மேல் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நாத்தனார் வந்து நின்றாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஆள் என் தோள் வரைதான், குரல் தெருக்கோடி வரை. நான் நெட்டை என்பதால் அவளுக்குக் 'கொக்கண்ணி'.

"கிளம்புங்க. ஸ்கோப் வாங்கப் போறோம்."

"எனக்கெதுக்குடி? டீ டம்ளரே கையில நிக்கல."

"அதுக்குத்தான் ஸ்டாண்டு இருக்கே."

கடைக்காரம்மா தண்ணீர் பாட்டில் அளவில், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஒரு ஸ்கோப்பை ஸ்டாண்டில் மாட்டி, எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். தெளிவாக்கும் வளையத்தைத் தொட்டதுதான் தாமதம், தொட்டியே ஆடியது. எல்லாம் இருபது மடங்கு பெரிதாகத் தெரிந்தால் என் நடுக்கமும் இருபது மடங்குதானே. எனக்கு அழுகை வந்துவிட்டது. "வேண்டாம், போகலாம்" என்றேன்.

"கையைப் பின்னால கட்டிக்குங்க. கண்ணை மட்டும் வைங்க." வளையத்தை அவள் திருப்பினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம். தாண்டிட்ட, திரும்பி வா."

"வேன் ரிவர்ஸ் எடுக்கறப்பகூட நான் இவ்வளவு திட்டு வாங்கினதில்ல."

தொட்டி மேல் ஒரு மைனா நின்றது. கண்ணைச் சுற்றி மஞ்சள். அசையவே இல்லை. இரண்டு மாதத்தில் என் கண்ணுக்கு நிலையாக நின்ற முதல் பறவை அதுதான்.

"ரெண்டு பேர் பாக்கறதா இருந்தா, கண் வைக்கிற பக்கம் மேல வளைஞ்சதை எடுங்க" என்றார் கடைக்காரம்மா. "குட்டையானவங்க உயரத்துக்கு ஸ்டாண்டை வச்சா, நெட்டையானவங்க குனிஞ்சுக்கலாம்."

"ரெண்டு பேர் இல்லைங்க, நான் ஒருத்திதான்" என்று லேசான ஸ்டாண்டு ஒன்றை எடுத்தேன். கடைக்காரம்மா ஸ்கோப்பை அதில் மாட்டி, விரலால் தட்டிக் காட்டினார். மைனா நடுங்கியது.

"காத்து அடிச்சா இதான் கதி. இன்னொண்ணு கனம், ஆனா அசையாது. யார் தூக்கப் போறீங்க?"

"நான்" என்று என் தோளுக்குக் கீழிருந்து பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான்டி நீ தூங்கற."

"வேன்ல தினம் நாப்பது வாலு கத்துது. ஏரியில நீங்க ஒருத்தர்தானே."

கனமானதையே எடுத்தோம். வெளியே வந்ததும், "ரொம்ப நன்றிடி" என்றேன். வீட்டு மனுஷிக்குச் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை, தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. அவள் எட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே அண்ணி?"

மறுநாள் ஏரிக்கரையில் அவள் உயரத்துக்கு ஸ்டாண்டை நிறுத்தினோம். நான் குனிந்து எண்ணினேன். அவள் திருப்பினாள், எழுதினாள்.

"கொக்கு முப்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்பது என்று இருந்தது.

"ஒண்ணு கூட இருக்கே?"

"உங்களையும் சேர்த்துத்தான்."

"நோட்டுல விளையாடாத. அடிச்சுட்டுச் சரியா எழுது."

அடித்து எழுதினாள். ஒற்றைக் கோடுதான் போட்டிருந்தாள், பழைய எண் நன்றாகவே தெரிந்தது. நான் அதை இன்னொரு முறை அடிக்கச் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்தேன்.

"அடுத்தது வாத்து. கொஞ்சம் இடது பக்கம் திருப்பு."