இரண்டு கற்களாக மிஞ்சியவர்

அங்கே இருந்தவர்கள்: மூத்த மனைவி, இளைய மனைவி, கல் பரிசோதகர், எதற்கும் இருக்கட்டும் என்று வந்த கீழ்வீட்டுத் தையல்காரர். மேசையின் நடுவில் கணவர். கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டே காலையில் இறந்துபோன அவருக்கு உடல் மிஞ்சவில்லை. பட்டறை நாற்காலியில் புளியங்கொட்டை அளவில் இரண்டு சிவப்புக் கற்கள்தான் கிடந்தன. இருபத்திரண்டு வருடம் இரண்டு வீட்டில் குடித்தனம் நடத்தியவர் என்பதால் இதில் யாருக்கும் வியப்பில்லை. எந்தக் கல் எந்த வீட்டுக்கு என்பதுதான் வழக்கு.

"ரெண்டும் ஒரே மாதிரில்ல இருக்கு," என்றார் தையல்காரர்.

"உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான்," என்றாள் மூத்தவள்.

பரிசோதகர் கற்களைக் காற்றில் ஒரு முறை, தண்ணீருக்குள் ஒரு முறை நிறுத்தார். ஒன்று தன் அளவுத் தண்ணீரைப்போல் நான்கு மடங்கு கனம்: மாணிக்கம். மற்றது மூன்றரை மடங்குக்குச் சற்று மேல்: ஸ்பினல், மாணிக்கம்போல் வேஷம் கட்டும் வேறு கனிமம். மாணிக்கத்தின் முனையால் ஸ்பினலைக் கீறினார். கோடு விழுந்தது; உள்ளேயிருந்து ஓர் இருமல் வந்தது. கணவரின் இருமல்தான் என்று மனைவிகள் இருவரும் சொன்னதால் அதையும் குறித்துக்கொண்டார். ஸ்பினலால் கீறியபோது மாணிக்கத்தில் கோடுமில்லை, சத்தமுமில்லை.

"அப்ப உசத்தி அக்காவுக்குத்தான்," என்றாள் இளையவள், மனசே இல்லாமல்.

ஒரு கல்லுக்குள் கலந்திருக்கும் நிறங்களைப் பிரித்துக் காட்டும் சிறு குழாயை மூத்தவள் பரிசோதகரிடம் வாங்கிக் கண்ணில் வைத்தாள். மாணிக்கத்தில் இரண்டு சிவப்புகள் அடுத்தடுத்து நின்றன. ஊதா கலந்த சிவப்பில் அவர் இவளிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஆரஞ்சு கலந்ததில் அதே சத்தியத்தை இளையவளிடம். ஸ்பினலில் ஒரே சிவப்பு. அதில் அவர் தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது போதும்."

"அது மட்டம்க்கா. கீறல் வேற விழுந்திருக்கு."

"விழட்டும்டி. கீறினா வலிக்கிற மனுஷன் எனக்கு இப்பத்தான் கெடச்சிருக்காரு."

மாணிக்கம் இளையவளோடு போனது. வாரத்தில் மூன்று நாள் அது அங்கிருந்து காணாமல்போய் மூத்தவள் வாசற்படியில் கிடக்கும். தையல்காரர்தான் திரும்ப இளையவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பார், பழகிவிட்டது.

கற்களைப் பிரித்துக்கொண்ட அன்று மதியம் வீடு வந்த மூத்தவள் ஸ்பினலை வாசலுக்குள் உருட்டிவிட்டு, பின்னாலேயே நுழைந்தாள். கல் கூடத்தைத் தாண்டி அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியடியில் போய் நின்று ஒருமுறை இருமியது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவர் உள்ளே இருக்கும்போதே அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.