பேர் தெரியாத பாடகி

ஐம்பத்திரண்டு மணி நேரமாக ஹெலன் செத்துப்போயிருந்தாள். இரண்டு நாளுக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, ஷூ கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட் சோபனாவின் போனைப் பார்த்துத்தான் அவளுக்கே அது தெரிந்தது.

போனில் ஓடிய பாட்டு இருபது வருஷப் பழசு. ஆல்பம் வந்த சுவடே தெரியாமல் போயிற்று. அதில் கோரஸ் பாட ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் போன நான்கு பெண்களில் ஹெலன் ஒருத்தி. கடைசியில் வரும் ஹம்மிங் மட்டும் அவள் தனியாகப் பாடியது. இப்போது யாரோ ஒரு ரசிகர் பாடகரையும் தாளத்தையும் நீக்கிவிட்டு, அந்த ஹம்மிங்கை மெதுவாக்கி, மழைச் சத்தம் சேர்த்திருந்தார். இன்னொருவர் அதற்குப் பம்பை சேர்த்தார். நாற்பது லட்சம் பேர் கேட்டாகிவிட்டது. கீழே எவரோ எழுதியிருந்தார்: ‘இதைப் பாடின மறுவாரமே அந்தப் பெண் இறந்துட்டாங்க.’ அதன்கீழ் ஆயிரக்கணக்கில் அனுதாபம்.

ஹெலன் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து வருஷம் முன்பு தொண்டைக் கட்டியை அறுத்து எடுத்ததிலிருந்து அவளுக்குத் தகரத்தைச் சுரண்டுகிற குரல். கம்பெனியில் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். நான்தான் என்றால் லைன் முழுக்கச் சிரிக்கும். சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். புதன்கிழமை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஹம்மிங்கோடு சேர்ந்து பாடிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. போனுக்குள் இருந்தவள் இவளுக்காக நிற்காமல் பாடிக்கொண்டே போனாள். செத்தவளிடம்தான் குரல் இருந்தது. அவளே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. வரும் ஞாயிறு கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தவர்களின் பெயர்களை வருஷாவருஷம் ஹெலன்தான் எழுதித் தருவாள். கையெழுத்து அப்படி. அன்றும் கேன்டீன் மேசையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

“எங்க மாமனார் பேரப் போடுக்கா, ஆரோக்கியசாமி,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மரியம்மாள். “உசுரோட இருந்தப்ப ஒரு நாள் பூசைக்கு வரல. இப்பனா வரட்டும்.”

சோபனா டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தாள். “எங்க சாமிகிட்ட இந்த மாதிரி லிஸ்ட்டெல்லாம் கிடையாதுக்கா. அந்தப் பாட்டுக்கார அக்காவையும் உன் லிஸ்ட்டுல சேர்த்துடு.”

“பேரு இன்னாடி?” என்றாள் மரியம்மாள்.

“யாருக்குத் தெரியும்? பேர் தெரியாத பாடகின்னு போடு. பாவம், அவளுக்குன்னு யார் வேண்டிக்கப் போறா?”

சோபனா போனை மேசைமேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டாள். சுற்றிலும் தட்டுச் சத்தம் அடங்கியது. பின்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். ‘பேர் தெரி’ என்று எழுதிய இடத்தில் ஹெலனின் பேனா நின்றது. இந்தத் தாள் பீடத்துக்குப் போகும். சாமியார் வாசிப்பார். கோயில் முழுக்க எழுந்து நின்று செத்தவர்களுக்கு இளைப்பாற்றி கேட்கும். அவளும் அங்கே நிற்பாள்.

“இன்னாக்கா, எழுதலயா?”

“அவ சாவல.”

“உனக்கு எப்படித் தெரியும்? உன் தோஸ்தா?” மரியம்மாள் சிரித்தாள்.

ஹெலன் கை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள், குரல் ஒன்றும் தெளியவில்லை.

“அது என் குரல்.”