வீட்டுக்கு ஒரு மெடல்

இப்போதெல்லாம் பட்டாளத்துக்காரனைப் பார்த்தால் எந்தச் சண்டையில் இருந்தாய் என்று எவனும் கேட்பதில்லை. கேன்டீனில் மாசம் எத்தனை பாட்டில் தருவான் என்றுதான் கேட்கிறான். பெண் பார்க்க வந்தவனும் கேட்கிறான், இழவுக்கு வந்தவனும் கேட்கிறான்.

நான் குடிக்கிறவன் இல்லை. எழுபத்தோராம் வருஷச் சண்டையில், குண்டு பட்ட காலோடு கூட்டாளியை ஓடை வழியாக இழுத்து வந்ததற்கு மெடல் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து பேகம்பூர் ரோட்டில் சிமெண்டுக் கடை போட்டேன். தொண்ணூற்றாறில் நகராட்சித் தேர்தல் வந்தது.

"மச்சான், மெடல் வாங்குன ஆளு நீங்க. கவுன்சிலருக்கு நில்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான் என் மனைவியின் தம்பி பிராங்கிளின். என் கேன்டீன் கார்டும் அவனிடம்தான் இருந்தது. வீட்டுக்குச் சோப்பு, எண்ணெய் வாங்கி வருவான்.

மெடலை நெஞ்சில் குத்திக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். போன இடமெல்லாம், "மெடல் எங்கண்ணே?" என்றார்கள். சந்தோஷமாகச் சட்டையை இழுத்துக் காட்டினேன்.

"இது இல்லண்ணே" என்றான் ஒருவன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கம் என்று நினைத்திருப்பான் போல என்று, "வெள்ளியிலதாம்ப்பா குடுப்பாய்ங்க" என்று விளக்கம் வேறு சொன்னேன். இன்னும் சிரித்தார்கள்.

ஜெயித்த மறுநாள், இட்லிக் கடை வியாகுலம்மாள் என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, ஒங்க மெடல் எங்க வீட்டுல ரெண்டு நாளா வாந்தி எடுக்குது."

"வெளங்கலயேம்மா."

"ரம்மு பாட்டிலுக்கு ஒங்க ஆளுக வச்ச பேருண்ணே. வீட்டுக்கு ஒரு மெடல்னு குடுத்தாக. வேளாங்கண்ணியில மொட்டையடிச்சுக் குடிய விட்ட மனுசன், மறுபடி ஆரம்பிச்சுட்டாரு."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பாட்டில் கேட்டவனிடம் வெள்ளி என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிராங்கிளினைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கூசவில்லை.

"பாட்டில்னு சொல்லிக் கேட்டா போலீசு விடுமா மச்சான்? அதான் அந்தப் பேரு. பழைய பட்டாளத்துக்காரங்க எல்லார்கிட்டயும் வாங்கிச் சேத்தேன். மெடலுக்கு ஓட்டு விழுந்துச்சா இல்லையா?"

அடிக்கத்தான் கை ஓங்கினேன். ஓட்டு விழுந்தது மெடலுக்குத்தானே. கை தானாக இறங்கிவிட்டது.

பதவியேற்கிற அன்று மெடலைப் பீரோவிலேயே விட்டுவிட்டு, கவுன்சிலர் வேலை வேண்டாம் என்று சொல்ல நகராட்சிக்கு நடந்தேன். டீக்கடை அப்துல் கையூம் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. வார்டு பூராவுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

"மிலிட்டரி, எங்களுக்கு அது ஹராம். எங்க வீட்டுல யாரும் தொட்டதில்ல. ஆனா ஓட்டு பூரா ஒங்களுக்குத்தான். குண்டு பட்டும் ஆள விடாதவரு, எங்க தெருத் தண்ணிக் கொழாய விட்டுருவாரான்னுதான் போட்டோம்."

"ஜெயிச்சவன்கிட்ட, தோத்தவனுக்குப் போட்டேன்னு எவன் சொல்லுவான், பாய்?"

"அல்லாஹ் மேல ஆணை."

"பாட்டில் வாங்குனவனும் ஓட்டுப் போடுறேன்னு மாதா மேல ஆணை வச்சுத்தான் வாங்கியிருப்பான்."

அவர் கண் கலங்கினாற்போல் இருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். கையை உருவிக்கொண்டு நகராட்சிப் பக்கம் நடந்தேன்.