நாற்பத்திரண்டாம் பக்கம்

வெள்ளையர் சபையில் பழம்பகை தீர்க்கும் ஒப்புரவாக்க ஆராதனை, தொடர்ந்து விருந்து, கறுப்பர் சபையார் அனைவரும் வருக என்று கடிதம் வந்தபோதே எனக்கு ஐயம் தட்டியது. எங்கள் ஜார்ஜியா ஊரில் இரண்டு பாப்டிஸ்ட் சபைகளுக்கும் இடையே ஒரு தெருதான். அதைக் கடக்க நூற்றுமுப்பது ஆண்டுகள் போதாதவர்களுக்கு இப்போது என்ன அவசரம்?

அடிமைக் காலத்தில் அவர்களுடைய மேல்மாடத்தில் அமர்த்தப்பட்டிருந்த எங்கள் முன்னோரின் பெயர்கள் அடங்கிய சபைப் பதிவேட்டின் நகலையும் அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். பள்ளி ஆசிரியன் பழக்கம், பக்கங்களைச் சரிபார்த்தேன். நாற்பத்தொன்றுக்குப் பின் நாற்பத்துமூன்று இருந்தது.

அவர்களுடைய சபை எழுத்தர் மிஸ் நேவாவிடம் சென்று மூலத்தைக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் மங்கிப்போச்சு மாஸ்டர். ஒண்ணுமே தெரியாது."

"தெரியுதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்மா. குடுங்க."

சிறிதும் மங்கவில்லை. '1854, மே. டைசி, டீக்கன் ஹோல்கமின் அடிமை. தன் மகனை விற்ற கை திருவிருந்துக் கிண்ணத்தைத் தொடலாகாது என்று சபை நடுவே கூறினாள். அவதூறு. வாக்கெடுப்பின்படி நீக்கப்பட்டாள்.'

டைசி என் கொள்ளுப்பாட்டி. இன்றைய போதகர் கிரேடி ஹோல்கம், சபைப் பொறுப்பில் இருந்துகொண்டே அவள் மகனை விற்ற அந்த டீக்கனின் வழிவந்தவர்.

ஞாயிறன்று போதகர் ஒலிவாங்கியின்முன் விம்மினார். என் தம்பி ஆர்லிஸ் காதருகே குனிந்தான்.

"அண்ணே, கைக்குட்டைய முன்னாடியே மடிச்சு வச்சிட்டு வந்திருக்காரு பாத்தியா?"

"பக்கத்துல இருக்கறவங்கள எல்லாரும் கட்டிப்பிடிங்க!" என்றார் போதகர்.

நான் எழுந்தேன்.

"அது அப்புறம் ஆகட்டும் போதகரே. டைசிய இந்தச் சபை ஓட்டுப் போட்டு வெளிய தள்ளுச்சு. திரும்பச் சேக்கணும்னாலும் ஓட்டுப் போட்டுத்தான் ஆகணும். ரெண்டு சபைக்கும் அதுதானே முறை? நான் விருந்தாளி, தீர்மானம் கொண்டுவர முடியாது. உங்கள்ல யாராவது கொண்டுவாங்க."

"ஐயா, இது ஆராதனை நேரம். கமிட்டிக்கு அனுப்பி..."

"அவள நீக்கினப்போ கமிட்டி எதுவும் கூடினதாப் பதிவேட்டுல இல்லையே!"

பிறகு மிஸ் நேவா, யாரையும் பாராமல் எழுந்தார்.

"நான் முன்மொழியறேன்."

"வழிமொழியறேன். சீக்கிரம் முடிங்கப்பா, கோழி ஆறிப்போகுது," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

கைகள் உயர்ந்தன. அடுத்தவர் கையைப் பார்த்துவிட்டு உயர்ந்தவை எத்தனை என்பதையும் கவனித்தேன். எல்லாரும் தம்மையே பார்க்கிறார்கள் என்று உறுதியான பின்னரே போதகரின் கை மேலே சென்றது.

கூட்டம் விருந்துக்கு நகர்ந்தது. நான் மிஸ் நேவாவின் மேசைக்குச் சென்றேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் 'மீண்டும் சேர்க்கப்பட்டாள்' என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார், பென்சிலால்.

"நாளைக்கு மையால எழுதிக்கலாம் மாஸ்டர்."

என் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

"அண்ணே, வா! கோழி தீந்துடப் போகுது!" என்று வாசலிலிருந்து ஆர்லிஸ் கத்தினான்.

"தீரட்டும்!"

மிஸ் நேவா பேனாவை வாங்கி எழுதினார். மை உலரும்வரை நான் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.