இருமல் கஷாயமும் அசுவினிப் பூச்சியும்

என் மொட்டைமாடித் தோட்டத்துக்குள் ரசாயனம் கால் வைத்ததில்லை. வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல், பூண்டும் மிளகாயும் அரைத்த சாறு, எல்லாம் என் கைப்பக்குவம். ஆனால் இந்த முறை கத்திரிச் செடிகளில் அசுவினிப் பூச்சி அடை அடையாய் அப்பிக்கொண்டு எதற்கும் அசையவில்லை. வந்த கோபத்தில் புகையிலையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டேன். அதுவும் இலைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும், வயிற்றுக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும் என்று நன்றாகத் தெரியும்.

பக்கத்து அடுப்பில் என் வீட்டுக்காரருக்கான மிளகு போட்ட இருமல் கஷாயமும் கொதித்தது. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இருமல் நின்ற பிறகும், மறுபடி வந்துவிடக்கூடாது என்று மாதக்கணக்காகத் தினமும் ஒரு பச்சைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்புவேன்; காலை டிரிப் முடிந்ததும் குடிப்பார். செடி மருந்துக்கும் அதே மாதிரி பச்சைப் பாட்டில்தான். பெயர் எழுதி ஒட்டக்கூடாதா என்று அவர் கேட்டபோதெல்லாம், மோந்து பார்த்தாலே தெரியாதா என்று வாயை அடைத்திருக்கிறேன். அந்த வாரமோ எனக்குச் சளி பிடித்து மூக்கே அடைத்துக் கிடந்தது.

அன்று ஒரு பாட்டிலை அவர் பையில் வைத்து அனுப்பிவிட்டு, மற்றதோடு மாடிக்குப் போய், அதில் இருந்ததைத் தெளிப்பானில் ஊற்றி முதல் செடிக்கு அடித்தேன். காற்று திரும்பிச் சாரல் என் உதட்டில் பட்டது. மிளகு சுரீரென்று உறைத்தது.

என்னிடம் இருந்தது இருமல் கஷாயம். அப்படியானால் மற்றது அவர் பையில் போயிருக்கிறது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார் என்று நானே ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன். பஸ் நிற்கும் கொட்டகை நாலு தெரு தள்ளி இருந்தது. கசப்பு நாக்கில் பட்டதும் துப்பிவிடுவார் என்று ஒரு நினைப்பு வந்தது; ஆனால் அது நிலைக்கவில்லை. என் கஷாயம் கசக்காத நாளே கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பதாகத்தான் தினமும் சொல்வார். குடித்துவிட்டு அடுத்த டிரிப்புக்கு வண்டியை எடுத்தால், பின்னால் பிள்ளைகள் வேறு இருப்பார்கள்.

பஸ் கொட்டகையில்தான் நின்றது. அவர் படியில் உட்கார்ந்து பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார். அது காலி. என்னைப் பார்த்ததும் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"குடிச்சிட்டேம்மா. இப்பதான், ஒரு சொட்டு விடாம," என்றார்.

அது பூச்சிக்கு வைத்திருந்த புகையிலைத் தண்ணீர், எழுந்திருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. அது விஷத்தாலா, பயத்தாலா என்று புரியவில்லை.

"இல்ல... நான் அதக் குடிக்கவே இல்ல."

இந்த மனுஷனை எதை வைத்து நம்புவது? ஊசி என்றாலே ஓடி ஒளிகிற ஆள். உயிர் போகிற நேரத்திலும் ஒன்றுமில்லை என்று சாதிப்பார். வாயை ஊதச் சொன்னேன். ஊதினார். என் மூக்கில் எதுவும் ஏறவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பஸ் கழுவும் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் நின்ற செம்பருத்திச் செடியடியில் குனிந்தார். அங்கே மண் ஈரமாக இருந்தது. ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"புகையிலைதான், நாறுது. தினமும் இதுக்குத்தான் ஊத்துவாரு. பயப்படாதம்மா."

அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடங்க நேரமானது. அடங்கியதும் ஒரு சந்தேகம் எழுந்தது.

"அப்ப இருமல் எப்படி நின்னுச்சு?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். "டாக்டர் மாத்திரை குடுத்தாரு. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

கட்டிக்கொண்டு அழுவதா, நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. இத்தனை மாதமாக என் காதில் பூச்சுற்றியிருக்கிறார். அந்தப் பொய்தான் இன்றைக்கு அவரை எனக்கு மிச்சம் வைத்திருக்கிறது. ஒழுகிய மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவரிடம் கையை நீட்டினேன்.

"சளிக்கும் ஏதாச்சும் மாத்திரை வெச்சிருக்கீங்களா? எனக்கு ஒண்ணு குடுங்க."