சாம்பிள் மெழுகுவர்த்தி

வீட்டிலிருந்தே கை நிறையச் சம்பாதிக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பித்தான் சிட்லபாக்கம் பட்டு தன் வளையல்களை அடகு வைத்தாள். டெபாசிட் கட்டினால் மெழுகுவர்த்தி அச்சும் ஒரு சாம்பிளும் தருவார்களாம். சாம்பிளைப் போலவே வார்த்துக் கொடுத்தால் அத்தனையையும் கம்பெனியே வாங்கிக்கொள்ளுமாம். மகளின் சீமந்தத்துக்குள் வளையலை மீட்டுவிடலாம் என்று அவளும் கணக்குப் போட்டாள்.

கம்பெனி ஒன்றைக்கூட வாங்கவில்லை. ஒரு தடவை திரி கோணல் என்றார்கள், இன்னொரு தடவை நிறம் மட்டம் என்றார்கள். பட்டு ஒவ்வொரு தடவையும் பையோடு திரும்பி வந்தாள். கணவர் சாம்பசிவனுக்கோ பரம சந்தோஷம். ரயில்வே பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்து, வந்த சாமானையெல்லாம் திருப்பி அனுப்பியே ரிட்டயர் ஆன மனிதர்.

"கறாரான கம்பெனி. ஏமாத்தறவனா இருந்தா இவ்வளவு குத்தம் பார்ப்பானா?" என்றார்.

அன்றிலிருந்து ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து, அவள் வார்த்ததில் பாதியை அவரே கழித்துக் கட்டினார். கம்பெனிக்குச் சம்பளமில்லாமல் ஒரு ஆள் கிடைத்தது.

சீமந்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. வெறும் கையோடு சம்பந்தி முன்னால் எப்படிப் போய் நிற்பது? பட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். அடியில் கம்பெனி முத்திரை பதித்த சாம்பிளையே எடுத்துக்கொண்டு தாம்பரம் ஆபீசுக்குப் போய், புதிதாக வார்த்தது என்று நீட்டினாள்.

மேனேஜர் யக்ஞநாராயணன் உருட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ம்ஹூம். திரி கோணல். எங்க சாம்பிளை ஒரு தடவை நன்னாப் பாருங்கோ மாமி."

ஆத்துக்காரர் நம்பமாட்டார், எழுதிக் கொடுங்கள் என்று பட்டு பவ்யமாகக் கேட்டாள். அவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டு கைக்கு வந்த பிறகுதான் அவள் மெழுகுவர்த்தியைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்கு எந்த பஸ் போகிறது என்று அவரிடமே விசாரித்தாள். அந்த வாரமே டெபாசிட் திரும்பி வந்தது, வளையலும் கைக்கு ஏறியது.

சாம்பசிவன் முழுக்கதையையும் கேட்டார். பிறகு அந்தச் சாம்பிளை வாங்கி ஸ்கேலை வைத்து அளந்தார்.

"அவன் சொன்னதுல தப்பில்லையே. திரி கோணல்தான்."

சாயங்காலம் கரண்ட் போனது.

"பட்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏத்தேன்."

"எல்லாம் நீங்க கழிச்சதாச்சே. எதை ஏத்தறது?"

இருட்டில் வளையல் சத்தம் மட்டும் சமையலறைப் பக்கம் போனது.