இரண்டு பக்கமும் ராஜா தலை

ஊத்துக்குளி ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த பழனிமுத்து, எடைக்கு வரும் அண்டா குண்டாக்களோடு சேர்ந்து வந்துவிடுகிற பழைய காசுகளைத் தனியாக ஒரு வாளியில் போட்டு வைப்பார். வாளி ஆஷாவுக்காக. அவள் வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொள்வாள். அந்தக் காலணாவையும் அரையணாவையும் அவள் யாருக்கு, எப்படி விற்கிறாள் என்பது அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள கடைங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

கம்ப்யூட்டருக்குள்தான் கடை. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள் ஆஷா. ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டாள். வீட்டில் இருந்தபடி இணையத்தில் 'ஆஷா காயின்ஸ்' என்று ஒரு கடையைத் திறந்து, இந்த இரண்டாயிரத்து எட்டோடு இரண்டு வருடமாகிறது. வெள்ளை பனியன் துணி மேல் காசை வைத்துப் படம் எடுப்பாள். சட்டைக்குள் வைக்கிற அட்டையை வெட்டி, நடுவில் காசை ஒட்டி, பாலிதீன் கவரில் போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புவாள். நாக்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் அவள் கையெழுத்தில் கவர்கள் போய்க்கொண்டிருந்தன.

அன்றைக்கு வாளியில் ஒரு வெள்ளி ரூபாய் கிடந்தது. ஆறாம் ஜார்ஜ் ராஜாவின் தலை. வருடம் பார்க்கலாம் என்று திருப்பினாள். மறுபக்கத்திலும் ராஜா தலை. இன்னொரு முறை திருப்பினாள். பூக்கொடி வளைவும் 'ஒன் ருப்பீ' என்ற எழுத்தும் வருடமும் இருக்க வேண்டிய பக்கம் எங்கே போயிற்று?

"என்னங்க அம்மணி, அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. இதையும் சேத்து எடைபோடுங்க" என்றாள்.

அன்று மாலையே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் கடையில் ஏற்றினாள். விலை போடவில்லை. 'இப்படி ஒன்று வந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை' என்று மட்டும் எழுதினாள். மறுநாள் காலை குழந்தைக்குப் பால் ஆற்றிவிட்டு வந்து பார்த்தால் அவள் கடை அதுவரை கண்டிராத கூட்டம். சென்னையிலிருந்து ஒருவர், நாணயசாலையில் நடந்த பிழையாக இருந்தால் கேட்ட விலை தருவதாக எழுதியிருந்தார். இன்னொருவர், அப்படி ஒரு பிழை நடக்கவே வழியில்லை, ஏமாற வேண்டாம் என்று எழுதியிருந்தார். அவளிடம் வழக்கமாக வாங்குகிற நாக்பூர்க்காரர் மட்டும் சுருக்கமாக, 'தரையில் போட்டு ஓசையைக் கேளுங்கள், விளிம்புக்கு உட்புறம் பாருங்கள்' என்று எழுதியிருந்தார்.

சிமெண்டுத் தரையில் போட்டாள். வெள்ளி ரூபாய் விழுந்தால் மணி அடித்த மாதிரி நீண்டு ஒலிக்கும். இது 'டொக்' என்றது. துணியில் இழை எண்ணுவதற்காக வைத்திருந்த பழைய லென்ஸை எடுத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். விளிம்பை ஒட்டி உள்பக்கம், முடியிழையைவிட மெல்லிசாக ஒரு கோடு வட்டமாக ஓடியது. இரண்டு காசுகளைக் குடைந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

அவள் அதை அப்படியே எழுதிவிட்டாள். சென்னைக்காரர் காணாமல் போனார். பெங்களூரில் மாயாஜாலக்காரர்களின் சாமான்களைச் சேகரிக்கிற ஒருவர் மட்டும் நல்ல விலை கேட்டார்.

கட்டிங் மாஸ்டர் வேலை முடிந்து வந்த அவள் கணவன் சகாயராஜ், சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "பின்ன என்ன, கேட்டவருக்குக் குடுத்துர வேண்டியதுதான?"

"இத ஒருத்தன் மெனக்கெட்டுப் பண்ணியிருக்கான். ஒட்டு தெரியாம, எழுத்து அழியாம. எதுக்குப் பண்ணினான்னு தெரியாம எப்பிடி விக்கது?"

"எதுக்கா? ஏமாத்தத்தான். பூவா தலையா போட்டா எப்பவும் தலைதான விழும்."

"அதான் யாரு, யார ஏமாத்துனான்னு கேக்கேன்."

சகாயராஜ் ரசத்துக்குத் தட்டை நீட்டினான். அவள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிடித்துவிட்டால் விடமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

காலையில் கடைக்குப் போய்க் கேட்டதும் பழனிமுத்துவுக்கு நினைவிருந்தது. "அதுங்களா, ஊத்துக்குளிக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்து ஊடுங்க. ஓட்டைப் பிரிச்சுப் போட்டுத் தளம் போடறாங்க. அட்டாலி மேல, பரண் மேலங்க, கெடந்த தகரப் பொட்டியைக் கொண்டுட்டுப் போகச் சொன்னாங்க. அதுக்குள்ள துணியில முடிஞ்சு கெடந்துச்சு." பெட்டி இன்னும் கடையின் பின்புறம் கிடந்தது. மூடியில் பெயிண்டில், 'மா. சென்னியப்பன்' என்று எழுதியிருந்தது.

மறுநாள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊத்துக்குளி பஸ் ஏறினாள். இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தாள். தோட்டத்து நடுவில் பாதி இடிந்த வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை, கொட்டகையில் மாடுகள். வேப்பமரத்து நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர், முன்பின் தெரியாத பெண் வெயிலில் வருவதைப் பார்த்து எழுந்து நின்றார். பெயர் மணியன்.

"சென்னியப்பன்ங்கிறவர் வீடு இதுதானுங்களா?"

"சென்னியா? என்ற தம்பிங்க, கூடப் பொறந்தவன். அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். நீங்க ஆருங்க? வாங்க, மொதல்ல உக்காருங்க."

அவர் மனைவி முத்தாத்தாள் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஆஷா பழைய காசு விற்கிற கதையைச் சொன்னாள், பெட்டியைச் சொன்னாள். சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. உங்க தம்பி சின்ன வயசுல பணம் கட்டிச் சூதாட்டம் ஏதும் ஆடுவாங்களா?"

முத்தாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சென்னியா? நீ வேற கண்ணு. அவன் எதுலயாச்சும் செயிச்சிருந்தாத்தான? பங்கு பிரிக்கையில இந்தக் கெணத்துக்காட்டையே பூவா தலையாவுல தோத்துப்போட்டுத்தான் போனான்."

ஆஷா மோரைக் கீழே வைத்தாள்.

மணியன் அதை விவரமாகச் சொன்னார். அப்பா போன பிறகு இரண்டு பங்கு. ஒன்று கிணறும் தென்னையும் உள்ள இந்த நிலம், மற்றது மழையை நம்பிய மேட்டுக்காடு. தம்பி சின்னவன், கிணற்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் குழந்தை குட்டிக்காரர், அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று தம்பி சொன்னான். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. பேச வந்திருந்த பெரிய மனிதர்கள் சலித்துப்போய், காசைச் சுண்டிப் பாருங்கள், ஜெயித்தவருக்குக் கிணறு என்று சொல்லிவிட்டார்கள்.

"சுண்டுனது யாருங்க?"

"அவந்தான். அவன்கிட்டத்தான் வெள்ளி ரூவா இருந்துச்சு."

"பூ கேட்டது?"

"அதும் அவந்தான். 'எனக்குப் பூ'ன்னு சொல்லிப்போட்டுச் சுண்டுனான். மண்ணுல விழுந்துச்சு. எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. ராசா தலை. மறுவாரமே திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்." மணியன் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டார். "மாரியாத்தா பாத்துக் குடுத்ததுன்னு நான் நெனச்சுக்குவேன். இருந்தாலும் தம்பி வெறும் மேட்டுக்காட்டோட போனானேன்னு ஒரு இது."

ஏமாற்றுக்காசு வைத்திருந்தவர் எப்படித் தோற்பார் என்ற கேள்விக்கு விடை ஆஷாவுக்குள் சட்டென்று வந்து விழுந்தது. தோற்பதற்காகத்தான் அந்தக் காசையே செய்திருக்கிறார். காசு பர்ஸில் இருந்தது. அதை எடுக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் மணியன் கையை நீட்டிவிட்டார்.

"அவன் பொட்டியில என்ன காசு இருந்துச்சுன்னு வந்தீங்க? காட்டுங்க பாக்கலாம்."

கொடுத்தாள். அவர் பார்த்தார். திருப்பினார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் மறுபடி திருப்பினார். முத்தாத்தாள் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்து, "அட ஆத்தா" என்று வாயில் கைவைத்துக்கொண்டார்.

மணியனின் முகம் கறுத்தது. "எனக்குப் பிச்சை போட்டிருக்கறான்" என்றார். "இத்தன வருசமா நான் பிச்சைத் தண்ணியில வெள்ளாமை பண்ணியிருக்கறேன்."

எதற்கு வந்தோம் என்று ஆகிவிட்டது ஆஷாவுக்கு. காசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், அது யார் மனதில் போய்த் தைக்கும் என்று யோசிக்காமல் வந்துவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுப்பதற்குள் பெரியவர் செல்போனை எடுத்து அழுத்தினார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கொட்டகையில் இருந்த மாடுகள்கூடக் கேட்கிற மாதிரி மணி அடித்தது.

"சொல்லுங்கண்ணா" என்று ஒரு குரல் வந்தது. பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

"டேய் சென்னி. பங்கு பிரிச்சன்னிக்கு நீ சுண்டுன ரூவா எங்கடா?"

மிஷின் இரைச்சல் மெல்லக் குறைந்தது. எழுந்து வெளியே வந்திருப்பார்.

"எதுக்குங்கண்ணா இப்ப அந்தப் பேச்சு?"

"ரெண்டு பக்கமும் தலையோட என்ற கையில இருக்குது."

"பொட்டியைத் தொறந்துட்டாங்களா?"

"அப்ப நெசந்தான்! ஊர்க்காரங்க முன்னால என்னைய முட்டாளாக்கிப் போட்ட."

"நான் குடுத்தா நீங்க வாங்கியிருப்பீங்களா? எத்தன தடவ சொன்னேன்!"

"நாங்கூடத்தான் சொன்னேன். நீ வாங்குனியா? என்னைய விட்டுக்குடுக்க விடாமப் பண்ணிப் போட்டயேடா!"

சென்னியப்பனின் குரல் இறங்கி வந்தது. "அண்ணா, எனக்குக் கெணறு வேண்டாமுங்க. அது என்ற தலையில விழுந்திருந்தா நான் சாகற வரைக்கும் அங்கயே மாட்டைப் பூட்டித் தண்ணி எறச்சுட்டு இருக்கோணும். எனக்குத் திருப்பூர் போயி மிஷின் ஓட்டோணும்னு அப்பவே ஆசை. காட்டை உட்டுப் போட்டுப் போறேன்னு சொன்னா நீங்க சாட்டையை எடுத்திருப்பீங்க. தோத்துப்போட்டுப் போனா ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களல்லோ?"

மணியன் காசைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"அப்ப எனக்காகப் பண்ணலையா?"

"உங்களுக்காகவுந்தானுங்க. எனக்காகவுந்தானுங்க."

முத்தாத்தாள் முதலில் சிரித்தார். மணியன் திரும்பி அவரை முறைத்தார். அந்த முறைப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. காசை மறுபடி வெயிலில் பிடித்து விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"ஆர்றா பண்ணிக் குடுத்தது?"

"கோயமுத்தூர்ல ஒரு கடைசல் பட்டறைக்காரர்ங்க. மொதல்ல பண்ணுனது ரெண்டும் ஒடைஞ்சுபோச்சு. கிறுக்கனா நீயின்னு கேட்டார்."

"எப்படிப் பண்ணுனான்?"

"ஒரு ரூவாயைத் தட்டாட்டம் குடைஞ்சு, விளிம்பை மட்டும் உட்டுப்போட்டார்ங்க. இன்னொண்ணை ஓரம் பூராத் தேச்சு, அதுக்குள்ள இறுக்கிப் பதிச்சார்."

ஆஷாவால் பொறுக்க முடியவில்லை. கட்டில் பக்கம் நகர்ந்து, போனைப் பார்த்துக் கேட்டாள். "பசை ஏதும் வச்சாரா, இல்ல சும்மா இறுக்கம் மட்டுந்தானா?"

"அது ஆருங்கண்ணா?"

"காசு விக்கற அம்மணிடா. நீ அதுக்குப் பதிலச் சொல்லு."

"ஈயப்பத்துங்க அம்மணி, உருக்கி ஊத்துனது. அதான் கீழ விழுந்தா மணியாட்டம் கேக்காது. அதுக்குத்தான் கல்லுத் திண்டு மேல சுண்டச் சொன்னதுக்கு மாட்டேன்னு மண்ணு மேல சுண்டுனேன்."

"மண்ணு மேலயா?" மணியன் கட்டிலில் தட்டினார். "வாசல்ல மண்ணுல போடோணும்னு நீ நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்டா!"

அதற்குள் சென்னியப்பன், காசை விற்க வேண்டாம், தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "நீ எதுக்குடா வாங்கோணும்? இது என்ற ஊட்டு அட்டாலியில கெடந்தது" என்று மணியன் இரைந்தார். "பொட்டி என்றதுங்க" என்றார் தம்பி. கொஞ்ச நேரம் முன்பு ஒரு கிணற்றை ஆளுக்கு ஆள் வேண்டாம் என்று தள்ளிய கதையைக் கேட்டிருந்த ஆஷாவுக்கு, இப்போது ஒரு செல்லாக்காசுக்கு இந்தச் சண்டையைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. முத்தாத்தாள் வந்து கணவர் கையிலிருந்து காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் இல்ல. இது என்கிட்ட இருக்கட்டும். கண்ணு, உனக்கு என்ன தரோணும்?"

"ஒண்ணும் வேண்டாங்கம்மா."

வேண்டாம் என்றதை அவர் காதில் வாங்கவில்லை. வாழையிலையில் பொதிந்த வெண்ணெய் உருண்டை ஒன்று ஆஷாவின் பைக்குள் வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே கடையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள். பெங்களூர்க்காரர் விடவில்லை. அதைச் செய்தவர் யார், எந்த மாயாஜாலக்காரருக்காக என்றாவது சொல்லுங்கள் என்று எழுதினார். ஆஷா பதில் எழுத உட்கார்ந்து, நாலு வரி அடித்து, அழித்தாள். கடைசியில், 'குடும்பத்துக்காரர்களிடமே போய்விட்டது' என்று மட்டும் அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து பழனிமுத்துவின் கடைக்குப் போனபோது அவரே பேச்சை எடுத்தார். மிச்சத் தகரத்தை எடுக்க அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தாராம். திருப்பூர்க்காரரின் கார் நின்றதாம். அண்ணனும் தம்பியும் கிணற்றுத் திண்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"என்ன பேசுனாங்கண்ணே?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் கிட்டப் போனதும் நிறுத்திப்போட்டாங்க."

"சண்டை மாதிரியா, சிரிச்சா?"

"ரெண்டும் மாதிரிதாங்க இருந்துச்சு."

"யார் கையில காசு இருந்தது?"

"அதை நான் பாக்கலைங்க அம்மணி."

"அதப் பாக்காம வேற என்னத்தப் பாத்தீங்க?" என்று ஆஷாவுக்குக் கோபமே வந்துவிட்டது. அன்று எதையும் புரட்டிப் பார்க்க மனம் ஓடவில்லை. கடையை விட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகிற பஸ் எதிர்ப்புறம் நின்றது. இந்தப்புறம் ஊத்துக்குளி பஸ் வந்துகொண்டிருந்தது. சகாயராஜிடம் என்ன சொல்வது என்பதைத் திரும்பி வரும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று கையைக் காட்டி அதை நிறுத்தினாள்.